சிங்கப்பூரில் பருவநிலை நாவல் வாசிப்பு நடத்துவது எப்படி: முதன்முறை ஏற்பாட்டாளர்களுக்கு

ஒரு நாவலாசிரியரை அழைத்து, பருவநிலை நெருக்கடியைப் பற்றிய அவருடைய நாவலிலிருந்து சில பக்கங்களை வாசிக்கச் சொல்லி, பிறகு கேள்வி பதில். பார்க்கச் சின்ன வேலைதான். ஆனால் முதன்முறை நடத்துபவர்கள் பெரும்பாலும் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். முதலில் அரங்கம், பிறகு சுவரொட்டி, கடைசியில் எழுத்தாளரின் ஆவணங்கள். அரங்குக்கு முன்பணம் கட்டிய பிறகுதான் அனுமதிக்கு நாள் போதாது என்பது தெரியவரும். கீழே உள்ள வரிசையில் போனால் அந்தச் சிக்கல் வராது. வெளிநாட்டு எழுத்தாளர் என்றால் நான்கு மாதம், உள்ளூர் எழுத்தாளர் என்றால் இரண்டு மாதம் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

1. வாசிப்பவர் எந்த நாட்டவர் என்பதை முதலில் பாருங்கள்

எல்லாக் காகித வேலையும் இதிலிருந்துதான் கிளைக்கிறது. எழுத்தாளர் சிங்கப்பூர்க் குடிமகனா, நிரந்தரவாசியா, இங்கே வேலை அனுமதியில் இருப்பவரா, சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ வருபவரா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். "அவர் இங்கேதானே இருக்கிறார்" என்று விட்டுவிடாதீர்கள். பல ஆண்டுகள் இங்கே வசிப்பவர் இன்னும் வெளிநாட்டுக் கடப்பிதழ் வைத்திருக்கலாம். கூட்டத்தில் பேசுவது பற்றிய விதிகள் குடியுரிமையைப் பார்க்கின்றன, குடியிருக்கும் ஆண்டுகளைப் பார்ப்பதில்லை. நெறியாளருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள்.

2. இது இலக்கிய நிகழ்ச்சியா, ஒரு நோக்கத்தை முன்னெடுக்கும் கூட்டமா?

பருவநிலை நாவலுக்கு மட்டும் இந்தக் கேள்வி கூடுதலாக வரும். காதல் நாவல் வாசிப்பில் யாரும் மனுவில் கையெழுத்துக் கேட்கமாட்டார்கள். இங்கே கேட்க வாய்ப்புண்டு. நிகழ்ச்சி நாவலையும் அதன் மொழியையும் கதைமாந்தரையும் பற்றியது என்றால் அது ஒரு வகை. குறிப்பிட்ட கொள்கையை மாற்றக் கோருவது, கையெழுத்து திரட்டுவது, ஓர் இயக்கத்துக்கு ஆள் சேர்ப்பது ஆகியவை இருந்தால் அது வேறு வகை. பொது ஒழுங்குச் சட்டத்தின்கீழ், ஒரு நோக்கத்தைப் பரப்பும் பொதுக்கூட்டத்துக்குக் காவல்துறை அனுமதி வேண்டும். உள்ளரங்குக் கூட்டங்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் பேசுபவர்கள் சிங்கப்பூர்க் குடிமக்களாக இருக்க வேண்டும் என்பது அந்த விலக்கின் நிபந்தனைகளில் ஒன்று.

இங்கே பலர் விழும் பள்ளம் ஒன்று இருக்கிறது. "எழுத்தாளர் ஊரிலிருந்தே ஸூம் வழியாக வாசிக்கட்டும், அனுமதித் தொல்லை இல்லை" என்று நினைப்பார்கள். விசாத் தொல்லைதான் இல்லாமல் போகும். 2016இல் உள்ளரங்கில் நடந்த ஒரு கருத்தரங்கில் வெளிநாட்டவர் ஸ்கைப் வழியாகப் பேசினார். அனுமதி பெறாததற்காக அதன் ஏற்பாட்டாளர் குற்றவாளி எனத் தீர்ப்பானார். திரையில் தெரிபவரும் பேச்சாளர்தான்.

வாசிப்போடு பறை, நாடகக் காட்சி, இசை சேர்ந்தால் கலை நிகழ்ச்சிக்கான உரிமம் தேவையா என்ற கேள்வியும் எழும். அதைக் கவனிப்பது தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம். எல்லா நிகழ்ச்சிக்கும் உரிமம் தேவைப்படாது. தேவையா இல்லையா என்பதை மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சொன்னதை அரங்க நிர்வாகம் ஏற்காது.

கேட்கும்போது ஒரே பக்கத்தில் இவை இருக்கட்டும்: நாவலின் பெயர், கதைச்சுருக்கம் பத்து வரியில், வாசிக்கப்போகும் பக்க எண்கள், பேசுபவர்களின் பெயரும் குடியுரிமையும், கேள்வி பதில் எத்தனை நிமிடம், நுழைவு இலவசமா, எத்தனை பேர், சுவரொட்டியின் வரைவு. சுவரொட்டி வாசகமும் விண்ணப்ப வாசகமும் ஒத்துப்போக வேண்டும். விண்ணப்பத்தில் "நாவல் வாசிப்பு" என்று எழுதிவிட்டு, சுவரொட்டியில் "பருவநிலைக்காக ஒன்றுதிரள்வோம்" என்று போட்டால் கேள்வி வரத்தான் செய்யும். திரள்வதுதான் உங்கள் எண்ணம் என்றால் அதையே விண்ணப்பத்தில் எழுதுங்கள்.

3. வெளிநாட்டு எழுத்தாளரின் ஆவணங்கள்

மூன்று தனித்தனி விஷயங்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

நுழைவு விசா: இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்களுக்கு விசா வேண்டும். மலேசியர்களுக்கும் இலங்கையருக்கும் வேண்டாம். இந்தியாவிலிருந்து அங்கீகாரம் பெற்ற முகவர் வழியாகவோ, இங்குள்ள குடிமகனோ நிரந்தரவாசியோ சிங்பாஸ் என்ற அரசின் மின்னிலக்க அடையாளக் கணக்கு மூலமாகவோ விண்ணப்பிக்கலாம். விண்ணப்பக் கட்டணம் 30 வெள்ளி. விசா கிடைக்காவிட்டாலும் திரும்ப வராது. முகவர் தன் சேவைக் கட்டணத்தைத் தனியாக வாங்குவார். கடப்பிதழ் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். புகைப்படம் மூன்று மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். நாவலின் பின்னட்டைக்கு எடுத்த பழைய படத்தை அனுப்பும் எழுத்தாளர்கள் உண்டு, பார்த்து வாங்குங்கள்.

வருகை அட்டை: சிங்கப்பூர் வந்திறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். இது முற்றிலும் இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அரசின் தளமல்ல. குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்தின் இணைப்பை நீங்களே எழுத்தாளருக்கு அனுப்பிவிடுங்கள். தேடுபொறியில் அவரே தேட வேண்டாம்.

பேசுவதற்கான அனுமதி: விசா உள்ளே வரத்தான். மேடையேறுவது மனிதவள அமைச்சின் விஷயம். குறுகிய கால வருகையில் வந்து கருத்தரங்கில் பேசுவது போன்ற சில பணிகளுக்கு வேலை அனுமதியிலிருந்து விலக்கு உண்டு. நாட்டுக்குள் வந்த பிறகு, பேசுவதற்கு முன், அமைச்சுக்கு இணையத்தில் அறிவிக்க வேண்டும். ஆனால் பேச்சு மதம், இனம், சமூகம், ஒரு பொது நோக்கம் அல்லது அரசியல் சார்ந்தது என்றால் இந்த விலக்கு பொருந்தாது. அப்போது பல்வகை வேலை அனுமதி என்ற தனி அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும். அது அதிகபட்சம் 60 நாளுக்குத் தரப்படும். விண்ணப்பிக்க இங்கே பதிவுபெற்ற அமைப்பு ஒன்றின் ஆதரவு தேவை. நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்த வாசகர் வட்டத்துக்குப் பதிவு இல்லையென்றால், பதிவுபெற்ற ஓர் அமைப்போடு கூட்டுச் சேருங்கள். பருவநிலை நாவல் எந்தப் பக்கம் விழும் என்பதை நீங்களாக முடிவு செய்யாதீர்கள். இரண்டாம் படியில் தயாரித்த அதே பக்கத்தை அமைச்சுக்கும் அனுப்பிக் கேளுங்கள். பயணச்சீட்டு எடுப்பது பதில் வந்த பிறகு.

4. தேதி

ஏப்ரலில் தமிழ்மொழி விழா. வாரயிறுதி தோறும் நிகழ்ச்சிகள் மோதும். விழாவின் பகுதியாக நடத்த விரும்பினால் முந்தைய ஆண்டே வளர்தமிழ் இயக்கத்தின் அழைப்பைக் கவனித்திருக்க வேண்டும். நவம்பர் வாக்கில் சிங்கப்பூர் எழுத்தாளர் விழா, அதை ஒட்டித் தீபாவளி. ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு என்பதால் பெற்றோர் வரமாட்டார்கள். எஞ்சுவது பிப்ரவரி, மார்ச், மே, ஜூலை. இவற்றில் ஜூலையைத்தான் நான் பரிந்துரைப்பேன். ஜூன் விடுமுறைக்கு ஊர் போனவர்கள் திரும்பியிருப்பார்கள்.

சனிக்கிழமை மாலை 5 மணி பொதுவாக நல்லது. ஒரே ஒரு காரணத்துக்காக ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுக்கலாம்: கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் வேலை செய்யும் தமிழ் ஊழியர்களுக்கு அன்றுதான் விடுப்பு. வெப்பத்தைப் பற்றிய நாவலைக் கேட்க இவர்களைவிடத் தகுந்தவர்கள் இந்தத் தீவில் இல்லை. அவர்களை அழைப்பதென்றால் லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்து வரக்கூடிய இடமாகப் பாருங்கள். பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கி 5 மணிக்குள் முடியுங்கள். விடுதி திரும்பும் பேருந்துக்கு அவர்கள் வரிசையில் நிற்க வேண்டும்.

இணையவழி என்றால் நேர வித்தியாசம்: சென்னையும் யாழ்ப்பாணமும் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னே. டொரொண்டோ கோடையில் 12 மணி, குளிர்காலத்தில் 13 மணி. நம் மாலை 7 அவர்களுக்குக் காலை 7 அல்லது 6. தூக்கக் குரலில் வாசிப்பு எடுபடாது, நம் இரவு 9 மணிக்கு வையுங்கள்.

5. இடம்

அறுபது பேர் பதிவு செய்வார்கள் என்று நினைத்தால் ஐம்பது நாற்காலி அறை எடுங்கள். விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகக் கட்டடம், வட்டார நூலகங்கள், கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையம், பீட்டி சாலையில் உள்ள உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம், சமூக மன்றங்கள் ஆகியவை வழக்கமான இடங்கள். சமூக மன்றத்தில் இந்தியர் நற்பணிச் செயற்குழுவோடு சேர்ந்து நடத்தினால் செலவு குறையும்.

வாடகை கேட்கும்போதே இவற்றையும் கேளுங்கள்: ஒலிபெருக்கியும் திரையும் வாடகையில் அடக்கமா, தனியா? ஆயத்தத்துக்கும் ஒழுங்குபடுத்தவும் எவ்வளவு நேரம்? புத்தகம் விற்கலாமா? உணவு கொண்டுவரலாமா? சொன்ன தொகையில் 9 விழுக்காடு பொருள் சேவை வரி சேர்ந்திருக்கிறதா? கடைசிக் கேள்வியைக் கேட்காமல் விட்டவர்களின் வரவுசெலவில்தான் கடைசி நாளில் ஓட்டை விழுகிறது.

குளிரூட்டியை 25 டிகிரியில் வைக்கச் சொல்லுங்கள். நிகழ்ச்சியின் பொருளுக்கும் அது பொருந்தும், முதியவர்களும் நடுங்காமல் உட்காருவார்கள். நெகிழிப் புட்டித் தண்ணீர் வேண்டாம். குடுவை கொண்டுவரும்படி அழைப்பிதழில் எழுதி, அறைக்கு அருகில் நீர் நிரப்புமிடம் எங்கே என்பதைக் குறிப்பிடுங்கள். கடல்மட்டம் உயர்வதைப் பற்றி வாசித்துக்கொண்டிருக்கும்போது மேசையில் அறுபது புட்டிகள் இருந்தால், அரங்கின் கண் அங்கேதான் போகும்.

6. எந்தப் பகுதியை வாசிப்பது

நிகழ்ச்சி நினைவில் நிற்பதும் நிற்காததும் இங்கேதான் முடிவாகிறது. அதனால் எழுத்தாளரிடமே முழுவதையும் விட்டுவிடாதீர்கள். நீங்களும் நாவலை முழுக்கப் படியுங்கள்.

தமிழை நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 90 முதல் 100 சொல் போகும். பதினைந்து நிமிடத்துக்கு 1,400 சொல், அச்சுப் புத்தகத்தில் சுமார் ஆறு பக்கம். பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சில் வாசிக்க விடாதீர்கள். இன்னும் வேண்டுமென்றால் இடையில் உரையாடலை வைத்து, இரண்டாவது பகுதியாக ஏழு நிமிடம் கொடுங்கள்.

பருவநிலை நாவல்களில் இரண்டு வகைப் பக்கங்கள் இருக்கும். ஒன்று, கரிம வெளியேற்றம், மாநாடு, உடன்பாடு என்று கதைமாந்தர் ஒருவர் விளக்கிச் சொல்லும் பக்கம். மற்றொன்று, உடம்பில் படும் பக்கம்: கிணற்று நீரை வாயில் வைத்ததும் உப்புக் கரிப்பது, இரவு இரண்டு மணிக்கும் தரை சுடுவது, நாற்றங்கால் காய்ந்த வயலில் ஒருவர் நின்றுவிடுவது. எழுத்தாளர்கள் முதல் வகையைத் தேர்ந்தெடுக்க முனைவார்கள், செய்தி அதில் இருக்கிறது என்று. இரண்டாம் வகையை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். விளக்கம் கேள்வி பதிலில் தானாக வரும்.

பகுதி தனித்து நிற்க வேண்டும். மூன்று பெயருக்கு மேல் வரக்கூடாது. முன்கதை நான்கு வாக்கியத்துக்குள் சொல்லி முடிய வேண்டும். முடிவைக் காட்டிக்கொடுக்கும் பகுதி வேண்டாம்.

வட்டார வழக்கு உரையாடல் இருந்தால், அதை மாற்றச் சொல்லாதீர்கள். நெய்தல் நிலத்து மீனவர் பேச்சில் வரும் காற்றின் பெயர்கள், வலையின் பெயர்கள் இங்கே வளர்ந்த மாணவர்களுக்குப் புரியாது. வாசிப்புக்கு முன் நெறியாளர் நான்கைந்து சொல்லுக்குப் பொருள் சொல்லிவிட்டால் போதும்.

வாசிப்புப் படி தயாரிப்பது: புத்தகத்தைக் கையில் பிடித்து வாசிக்க வேண்டாம். ஏ4 தாளில், 16 புள்ளி எழுத்தில், இரட்டை இடைவெளியில், ஒரு பக்கம் மட்டும் அச்சடியுங்கள். ஒவ்வொரு தாளும் பத்தியின் முடிவில் முடியட்டும். வாக்கியத்தின் நடுவில் தாள் மாறினால் குரல் விழுந்துவிடும். தாள்களைப் பிணைக்காமல், எண் போட்டுத் தளர்வாக வையுங்கள், நகர்த்தினால் போதும், புரட்டும் சத்தம் ஒலிவாங்கியில் ஏறாது. எண்களைச் சொல்லாக எழுதிவிடுங்கள். "1.15 மீட்டர்" என்பதைப் பார்த்ததும் எழுத்தாளர் ஒரு கணம் திணறுவார். "ஒன்று புள்ளி ஒன்று ஐந்து" என்று எழுதியிருந்தால் திணறமாட்டார். "2100" என்ற ஆண்டும் அப்படியே. சுருக்கப்பெயர்களை விரித்து எழுதுங்கள்.

தமிழ் சரளமாகப் புரியாதவர்கள் வருவார்கள் என்றால் ஆங்கில மொழிபெயர்ப்பைத் திரையில் காட்டலாம். ஒரு திரைக்கு ஆறு வரிக்கு மேல் வேண்டாம். பொத்தான் அழுத்துபவர் தமிழ் படிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். வாசிப்புப் படியில் எந்த இடத்தில் திரை மாற வேண்டும் என்பதைச் சிவப்பு மையில் குறித்து அவரிடம் ஒரு நகல் கொடுங்கள். இல்லாவிட்டால் மூன்றாம் நிமிடத்தில் திரையும் குரலும் பிரிந்துவிடும்.

பதிப்பாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் வேண்டும். வாசிக்க, ஒளிப்பதிவு செய்ய, இணையத்தில் ஏற்ற, மொழிபெயர்ப்பைத் திரையில் காட்ட என்று நான்கையும் தனித்தனியாகக் கேளுங்கள். எழுத்தாளர் "என் புத்தகம்தானே" என்பார். ஒப்பந்தத்தில் ஒலி உரிமையைப் பதிப்பகத்துக்குக் கொடுத்திருக்கலாம். மொழிபெயர்ப்பாளரின் பெயர் திரையில் வர வேண்டும். தொடக்கத்தில் ஒலிக்கவிடும் பாட்டுக்கும் உரிமக் கட்டணம் உண்டு, அதைக் கவனிப்பது கம்பாஸ் அமைப்பு. பாட்டே இல்லாமல் தொடங்கினால் ஒரு வேலை மிச்சம்.

7. நெறியாளர்

நாவலைப் படித்தவராக இருக்க வேண்டும். இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்றாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. அறிவியலாளரைத் தேடவேண்டாம், ஆனால் சில உள்ளூர் விவரங்கள் நெறியாளர் கையில் இருக்கட்டும். 2024 ஜனவரியில் வெளியான மூன்றாம் தேசியப் பருவநிலை ஆய்வின்படி, இந்த நூற்றாண்டு முடிவில் சிங்கப்பூரைச் சுற்றிக் கடல்மட்டம் 1.15 மீட்டர் வரை உயரலாம். தீவின் நிலப்பரப்பில் ஏறக்குறைய 30 விழுக்காடு கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டருக்குள் இருக்கிறது. வெப்ப அழுத்த அளவு (வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்று சேர்த்துக் கணக்கிடுவது) 32 டிகிரியைத் தொட்டால், வெளியில் கடும் உடலுழைப்பில் இருப்பவர்களுக்கு மணிக்கு 10 நிமிட ஓய்வும், 33ஐத் தொட்டால் 15 நிமிட ஓய்வும் தரவேண்டும் என்பது 2023 அக்டோபரிலிருந்து மனிதவள அமைச்சின் விதி. நாவலின் காட்சி ராமநாதபுரத்தில் நடந்தாலும், இந்த எண்களில் ஒன்றைக் கேள்வியோடு சேர்த்தால் அரங்கில் இருப்பவர்களுக்குக் கதை தங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிடும்.

முதல் கேள்வி "இந்த நாவல் எழுதும் எண்ணம் எப்படி வந்தது" என்று இருக்க வேண்டாம். இப்போது வாசித்த பக்கத்திலிருந்தே கேளுங்கள். பார்வையாளர் ஒருவர் ஐந்து நிமிடம் கருத்துரை வழங்கத் தொடங்கினால், ஒலிவாங்கி தொண்டூழியரின் கையில் இருக்க வேண்டும். அதைப் பார்வையாளர் வாங்கிப் பிடிக்கக் கொடுக்கக்கூடாது.

8. புத்தகம்

முந்நூறு பக்க நாவல் ஏறக்குறைய 400 கிராம். ஐம்பது படி என்றால் 20 கிலோ. எழுத்தாளரின் பெட்டியில் அவ்வளவும் போனால் அவருக்குத் துணி வைக்க இடமிருக்காது. அதைவிட முக்கியம், பயணிகளுக்கான வரி விலக்கு விற்பனைப் பொருளுக்குக் கிடையாது. விற்கக் கொண்டுவருவதைச் சுங்கத்துறையிடம் அறிவித்து 9 விழுக்காடு வரி கட்ட வேண்டும். விலைப்பட்டியலை அச்சடித்துக் கையில் கொடுத்தனுப்புங்கள். இங்குள்ள தமிழ்ப் புத்தகக் கடையோடு பேசி, அவர்களே வரவழைத்து விற்கும்படி செய்வது எளிது. கமிஷன் கொடுத்தாலும் நிம்மதி.

அறுபது பேர் கூட்டத்தில் இருபது படி விற்றால் நல்ல விற்பனை. ஐம்பதுக்கு மேல் வரவழைக்காதீர்கள். பேநவ் என்ற உடனடிப் பணப் பரிமாற்றச் சேவையின் கியூஆர் குறியீட்டை அமைப்பின் கணக்கில் வையுங்கள். தொண்டூழியரின் கைப்பேசி எண்ணைப் பலகையில் எழுதி வைக்க வேண்டாம்.

9. பணமும் வரியும்

எழுத்தாளருக்குச் சால்வை மட்டும் போட்டு அனுப்பும் வழக்கத்தை விடுங்கள். இரண்டு ஆண்டு உழைத்து எழுதியதை வாசிக்க வருகிறார். தொகை சிறியதானாலும் மதிப்பூதியத்தை முதல் கடிதத்திலேயே எழுதுங்கள்.

வெளிநாட்டுப் பேச்சாளருக்குக் கொடுக்கும் மதிப்பூதியத்தில் பொதுவாக 15 விழுக்காடு பிடித்தம் செய்து உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்குக் கட்ட வேண்டும். 1,000 வெள்ளி என்றால் 850 அவருக்கு, 150 ஆணையத்துக்கு. இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால், உறையைப் பிரித்த பிறகு மனக்கசப்பு. முழு 1,000 அவர் கையில் சேர வேண்டுமென்றால் அதற்கேற்ப மொத்தத்தை உயர்த்துங்கள். அவருடைய நாட்டோடு இரட்டை வரி உடன்பாடு இருந்து, வதிவிடச் சான்றிதழும் கொடுத்தால் சலுகை கேட்கலாம். ஆனால் அந்தச் சான்றிதழ் வாங்க அவருக்கு நாளாகும்.

தேநீர் சிற்றுண்டிக்கு ஆளுக்கு 8 முதல் 10 வெள்ளி ஒதுக்குங்கள். உணவு விநியோகிப்பவர்கள் குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை வைத்திருப்பார்கள், கொண்டுவரும் கட்டணம் தனி. சைவமும் ஹலாலும் கட்டாயம். நிதியுதவிக்குத் தேசியக் கலைகள் மன்றத்தை அணுகலாம். விண்ணப்பக் காலம் ஆண்டு முழுதும் திறந்திருக்காது, நிகழ்ச்சி முடிந்த பிறகு கேட்கவும் முடியாது.

10. பதிவுப் படிவம்

பெயர், மின்னஞ்சல், எத்தனை பேர். அவ்வளவுதான். அடையாள அட்டை எண் கேட்காதீர்கள். 2019 செப்டம்பரிலிருந்து, சட்டப்படி தேவையில்லாத இடத்தில் அந்த எண்ணைத் திரட்டக்கூடாது. படமெடுப்போம் என்ற அறிவிப்பு படிவத்திலும் வாசலிலும் இருக்கட்டும். இலவச நிகழ்ச்சியில் பதிந்தவர்களில் மூன்றில் ஒருவர் வரமாட்டார் என்று கணக்குப் போடுங்கள். இரண்டு நாள் முன்னால் நினைவூட்டல் அனுப்பினால் இது குறையும்.

11. அன்றைய நாள், அதற்கடுத்த வாரம்

ஒரு மணி நேரம் முன்பு எழுத்தாளரை மேடையில் நிறுத்தி ஒரு முழுப் பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். "ஹலோ, கேட்கிறதா" என்பது சோதனை ஆகாது. ஒலிவாங்கி வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் இருந்தால் "ப" எழுத்து வெடிக்காது. விளக்கை முழுவதும் அணைக்காதீர்கள், வாசிப்புத் தாளில் வெளிச்சம் விழ வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீர் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

முடிந்த மறுநாள், விற்ற படிகளின் கணக்கையும் மீதியையும் கடைக்காரரிடம் ஒப்படையுங்கள். பிடித்த வரியை, பணம் கொடுத்த மாதத்திலிருந்து இரண்டாம் மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். ஜூலையில் கொடுத்திருந்தால் செப்டம்பர் 15. கட்டிய ரசீதின் நகலை எழுத்தாளருக்கு அனுப்புங்கள், அவருடைய நாட்டில் வரிக் கணக்குக் காட்ட அது தேவைப்படும். ஒளிப்பதிவை ஏற்றுவதற்கு முன் அவர் ஒருமுறை பார்க்கட்டும். கேள்வி கேட்ட மாணவர்களின் முகம் தெரிந்தால் பெற்றோரிடம் ஒப்புதல் வாங்கிய பிறகே வெளியிடுங்கள்.